பட்டத்துக்கு முன்னே வந்த பேனர்

வியாழக்கிழமை காலையில், சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் போகிற திருப்பத்தில், தமிழ்ச்செல்வி தன்னைத் தானே அண்ணாந்து பார்த்தாள்.

சவுக்குக் கட்டைகளில் இழுத்துக் கட்டிய பேனரில் ஆளுயரத்துக்கு மேல் நின்றிருந்தாள். உடம்பில் கறுப்பு அங்கி, தலையில் கறுப்புத் தொப்பி. முகத்தை மட்டும் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்ததால் தொப்பிக்குக் கீழே நெற்றிச்சுட்டி தொங்கியது. 'பன்னாட்டு வணிக மேலாண்மையில் இருமொழி முதுகலைப் பட்டம் பெற்ற எங்கள் குலவிளக்கே, வாழ்க' என்று தங்க நிற எழுத்து. அடியில் வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். நடுவட்டத்தில் கூலிங்கிளாஸ் போட்ட அவளுடைய அண்ணன் இளவரசு. அவன் பக்கத்து வட்டத்தில் அவன் ஓட்டுகிற குமராட்சி மினிபஸ்.

எல்லாம் சரிதான். பட்டம் மட்டும் இன்னும் வாங்கவில்லை.

"மாமா, வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

பைக்கை ஓட்டிக்கொண்டிருந்த மணவாளன், அவளுடைய கணவன், அத்தை மகனும்கூட, ஓரமாக நிறுத்தினான். பேனரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். அவனுக்கு உள்ளூர சந்தோஷம்தான். அதைக் காட்டினால் காலையிலேயே வம்பு என்று தெரிந்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டான்.

"எம் படம் எங்க இருக்குன்னு தேடறேன்" என்றான்.

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? சனிக்கிழமைதான் பரிட்சையே."

"மச்சான் வேலதான். ஞாயித்துக்கிழம அவன் பொண்ணுக்குக் காதுகுத்து இல்ல, அந்த பேனரு அடிக்கப் போனவன் இதயும் சேத்து அடிச்சிருப்பான்."

அவன் சொன்னது அப்படியே உண்மை. கடலூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் தமிழ்ச்செல்வி அண்ணனுக்குப் போன் போட்டாள். இளவரசு முதல் மணியிலேயே எடுத்தான். பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தான் போலிருக்கிறது.

"பாத்தியாம்மா? எப்படி இருக்கு?"

"பட்டம் வாங்கிட்டேன்னு யாருண்ணா உங்கிட்ட சொன்னது?"

"நீதான். பொங்கலுக்கு வந்தப்ப கேட்டேன். அதெல்லாம் முடிஞ்ச மாதிரிதாண்ணான்னு சொன்ன. ஞாயித்துக்கிழம சொந்தபந்தம் மொத்தமும் சிதம்பரத்துல வந்து எறங்கி எம் பஸ்ஸுலதான் ஏறப்போவுது. அவுங்க பாக்க வேணாமா?"

அவள் அப்படிச் சொன்னது நிஜம்தான்.

நம் பக்கத்து ஆட்களைத் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் ஒருவர் போனில் "வந்துகிட்டே இருக்கேன்" என்றால் குளிக்கப் போகிறார் என்று அர்த்தம். "தோ, வந்துட்டேன்" என்றால் செருப்பைத் தேடுகிறார். பந்தியில் "எல வந்துடுச்சு, உக்காருங்க" என்று கூப்பிடும்போது இலை வாங்கப் போனவன் இன்னும் மார்க்கெட்டில் நிற்பான். இதை இங்கே யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கேட்கிறவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான். 'இன்னும் இல்லை' என்று பட்டென்று சொல்வது நம் ஊரில் மரியாதைக் குறைவு. உலகம் முழுக்க மணி பார்த்து வியாபாரம் செய்கிறது என்றால் அது உலகத்தின் தலையெழுத்து.

அந்தத் தலையெழுத்துதான் தமிழ்ச்செல்வியைப் படிக்க வைத்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. சிதம்பரத்தில் வீடு, கடலூரில் ஆபீஸ், நடுவே தினமும் பேருந்து. முந்திரிப் பருப்பு மங்கலம்பேட்டைக்குப் பக்கத்துக் குடோனில் தரம் பிரித்துப் பெட்டியாகி, சென்னைத் துறைமுகம் போய், கப்பலேறிப் பிரான்சுக்குப் போகும். அதற்கான ஆவணங்களையெல்லாம் தயார் செய்வது அவள். குடோன் பொறுப்பாளர் தங்கராசு நல்ல மனிதர், பருப்பைக் கையில் அள்ளினாலே ஈரம் சொல்லிவிடுவார். ஆனால் "லாரி கெளம்பிடுச்சாண்ணே?" என்று கேட்டால் "கெளம்பிடுச்சும்மா" என்பார். லாரி குடோன் வாசலிலேயே நிற்கும். டிரைவர் எதிரே பரோட்டா பிய்த்துக்கொண்டிருப்பான். தமிழ்ச்செல்வி அதை அப்படியே ஆங்கிலத்தில் பிரான்சுக்கு எழுதுவாள். அங்கே துறைமுகத்தில் ஆளும் வண்டியும் வந்து காத்திருக்கும். சரக்கு வராது.

அப்படி ஒருமுறை சரக்கு தாமதமானபோது அங்கிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். பிரெஞ்சில் பேசுவதற்கென்று நிறுவனம் புதுச்சேரியிலிருந்து ஒருவரை வரவழைக்கும். அன்று அவர் வரவில்லை. தமிழ்ச்செல்வி "போன்ஜூர்" என்றாள். அதற்கு மேல் அவளிடம் சரக்கு இல்லை. அந்தப் பெண்மணி நிறுத்தி நிதானமாக என்னவோ சொன்னார், கோபம் போலவும் இருந்தது, வருத்தம் போலவும் இருந்தது. எது என்று தெரியாமலே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தமிழ்ச்செல்விக்கு ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. நம்மைத் திட்டுகிறார்களா, நம்மிடம் கெஞ்சுகிறார்களா என்றுகூடத் தெரியாமல் என்ன உத்தியோகம் என்று அன்றைக்கு அழுதாள்.

அந்த வருஷமே கடலூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். பிரான்சிலுள்ள ஒரு கல்லூரியோடு சேர்ந்து வாரக்கடைசியில் நடத்துகிற படிப்பு. பன்னாட்டு வணிக மேலாண்மை. பாதிப் பாடம் ஆங்கிலம், பாதிப் பாடம் பிரெஞ்சு. வகுப்பில் அவளைத் தவிர எல்லாருக்கும் இருபத்துச் சொச்சம் வயது. பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஆரோக்கிய அனிதா, கடலூர் மாதா கோயில் தெருப் பெண், அவளும் தமிழ்ச்செல்வியைவிடச் சின்னவள்தான். இவள் அவளை "மிஸ்" என்பாள், அவள் இவளை "அக்கா" என்பாள்.

படித்ததெல்லாம் பேருந்தில்தான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர்கள் நகர நகர, உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். இந்த அம்மா ஏதோ வேண்டுதல் வைத்திருக்கிறார் என்று கண்டக்டர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் "மந்திரம் சொல்றாங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து குமராட்சிப் பக்கம் தண்ணீர் நின்ற ஐப்பசியில், அண்ணன் வீட்டுச் சாமான்களைப் பகலெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, மறுநாள் சேறு காயாத செருப்போடு போய் முதல் பருவத் தேர்வு எழுதினாள். அதில் அவள்தான் முதல். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு அடக்கம் வராது. வர வேண்டியதும் இல்லை.

ஆனால் பேச்சுத் தேர்வு வேறு. ஆய்வறிக்கையை இரண்டு மொழியிலும் வாயால் பேசி நிலைநாட்ட வேண்டும். ஆங்கிலப் பாதியை மார்கழியில் நன்றாகச் செய்தாள். பிரெஞ்சுப் பாதியில் பாதி வாக்கியத்தில் வாயடைத்துப் போய்த் தோற்றுவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அதிலும் தோற்றால் பட்டம் கிடைக்கும், அதில் 'இருமொழி' என்ற சொல் மட்டும் இருக்காது. பட்டம்தான் வருகிறதே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் கேட்கலாம். அவள் சேர்ந்ததே அந்த ஒரு சொல்லுக்காக.

மணவாளனுக்கு மட்டும்தான் இது தெரியும். அண்ணனிடம் பொங்கலன்று சொல்ல நினைத்தாள். பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஸ்டியரிங் பிடித்தவன் அவன். இவள் காலேஜ் போன காலத்தில், அவன் ஓட்டிய பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டான். "அது படிக்கற சீட்டு, பின்னால போங்க" என்பான். அந்த முகத்தைப் பார்த்து 'தோற்றுவிட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. முடிந்த மாதிரிதான் என்றாள். அவன் பேனர் அடித்துவிட்டான்.

"சரிண்ணா" என்றாள் இப்போது போனில். "பரிட்சை சனிக்கிழமதான். அது முடியற வரைக்கும் எறக்கிடு. எனக்காக."

"நீ பாஸ் பண்ணாம வேற யாரு பண்ணுவா?" என்றான்.

"எறக்கிடுண்ணா."

"சரிம்மா, எறக்கிடறேன்."

அன்று மாலையே மறுபடியும் கேட்டாள். "எறக்கிட்டேம்மா" என்றான். வெள்ளிக்கிழமை காலையில் அதே திருப்பத்தில் தொப்பியும் நெற்றிச்சுட்டியுமாகத் தமிழ்ச்செல்வி அசையாமல் நின்றிருந்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள். "ஆளு அனுப்பிட்டேனே" என்றான். சனிக்கிழமை காலையிலும் பேனர் அங்கேயேதான் இருந்தது. போதாக்குறைக்கு யாரோ அதற்கு ஒரு மாலையும் போட்டிருந்தார்கள்.

அன்று அவள் சண்டை போடவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மணவாளன் அதைக் கண்ணாடியில் பார்த்தான். அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, "பேசிட்டு வா" என்று மட்டும் சொன்னான். நல்லபடியாக முடியும், கவலைப்படாதே என்றெல்லாம் சொல்லவில்லை. அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடித்தது.

தேர்வறையில் மேசைக்குப் பின்னால் ஆரோக்கிய அனிதாவும் இன்னொரு பேராசிரியரும் இருந்தார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் பிரான்சிலிருந்து ஓர் அம்மா. நரைத்த முடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது, கையில் பெரிய கோப்பையில் காபி வைத்திருந்தார்.

பேருந்தில் உதட்டை அசைத்து அசைத்துப் படித்த முன்னுரையைத் தமிழ்ச்செல்வி தடங்கலில்லாமல் பிரெஞ்சில் சொன்னாள். மங்கலம்பேட்டை, முந்திரி, தரம், ஈரம், கப்பல் எல்லாம் வந்தன. அனிதாவின் முகம் தெளிந்தது. திரையிலிருந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்கள் ஊரில் சரக்கு கிளம்பிவிட்டது என்று சொன்னால் அது கிளம்பியிருக்காது என்று ஆய்வறிக்கையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்" என்றார். "அப்படியானால் நீங்கள் சொல்லும் எதை நான் நம்ப வேண்டும்? நான் ஏன் உங்களிடம் வாங்க வேண்டும்?"

இந்தக் கேள்வி அவள் படித்து வைத்த எதிலும் இல்லை. போன முறை வாயடைத்தது இப்படித்தான். காதில் மாட்டிய ஒயர் வழியாக இரண்டு வருஷத்துக்கு மேலாக உள்ளே போன சொற்களில் ஒன்றுகூட வெளியே வரத் தயாராக இல்லை. அனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது தமிழ்ச்செல்விக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பேனர்தான். மாலை போட்ட பேனர்.

"மேடம்" என்றாள். பிரெஞ்சிலேயே, மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, தவறிருந்தால் இருக்கட்டும் என்று பேசினாள். "எங்கள் ஊர்ச் சாலையில் என்னுடைய பெரிய படம் ஒன்று இருக்கிறது. என் அண்ணன் வைத்தான். அந்தப் படத்தில் நான் இந்தப் பட்டத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். தலையில் தொப்பிகூட இருக்கிறது."

திரையிலிருந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அதை இறக்கச் சொன்னேன். இறக்கிவிட்டேன் என்றான். இன்று காலை வரும்போதும் பார்த்தேன், அது இருக்கிறது."

"உங்கள் அண்ணன் பொய் சொல்கிறாரா?"

"இல்லை." இந்தச் சொல் மட்டும் சத்தமாக வந்துவிட்டது. "போன முறை நான் தோற்றதை அவனிடம் சொல்லவில்லை. முடிந்த மாதிரிதான் என்றேன். அவனும் நானும் ஒரே மாதிரிதான். நடந்ததை நாங்கள் சொல்வதில்லை, மேடம். நடக்காமல் விடமாட்டோம் என்பதைத்தான் சொல்கிறோம். ஆனால் துறைமுகத்தில் காத்திருக்கிற உங்களுக்கு அது போதாது. அதனால் இப்போது நான் குடோனுக்குப் போன் செய்து, கிளம்பிவிட்டதா என்று கேட்பதே இல்லை. லாரிக் கதவைச் சாத்தி முத்திரை போட்டதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்பேன். டிரைவரிடம் போனைக் கொடுங்கள், எந்த ஊரைத் தாண்டிவிட்டார் என்று நானே கேட்கிறேன் என்பேன். முதலில் அவர்களுக்குக் கோபம் வந்தது. இப்போது கேட்காமலே படம் வருகிறது. போன வருஷக் கடைசியிலிருந்து உங்கள் நாட்டுக்குப் போன சரக்கு எதுவும் தாமதமாகவில்லை. நான் கண்ணால் பார்க்காத எதையும் உங்களுக்கு எழுதமாட்டேன். அதனால் நீங்கள் என்னிடம் வாங்கலாம்."

திரையிலிருந்தவர் சிரித்தார். "சாலையில் இருக்கிற அந்தப் படத்தை நான் நம்பலாமா?"

"நானே இன்னும் நம்பவில்லை, மேடம். நீங்கள் முடிவு சொன்ன பிறகுதான்."

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தாவில் உட்கார்ந்து, எத்தனை தவறு செய்தோம் என்று எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை தவறியதும் விட்டுவிட்டாள். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மா பேசிய ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. கோபம் எது, வேடிக்கை எது என்று புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தவள் இவள்தானா என்று நினைத்தபோது மனம் நிறைந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஆரோக்கிய அனிதாதான் வந்தாள். "உள்ள வாங்கக்கா" என்றவள், வாசலிலேயே தாங்க முடியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு உள்ளே போய்க் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை என்றாலும் போய்க் கேட்டாள். நன்றாகவே தேறியிருந்தாள். திரையிலிருந்த அம்மா கடைசியாக ஒன்று சொன்னார்: "உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், அந்தப் படத்தை இறக்க வேண்டாம்."

மணவாளனுக்குப் போன் செய்து சொன்னாள். அவன் "ம்" என்றான், திரும்பவும் "ம்" என்றான். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற அவன் கடைக்குள் யாரிடமோ "எம் பொண்டாட்டி பாஸாயிட்டா" என்று சொல்வது மட்டும் கேட்டது.

பேருந்து நிலையத்துக்கு வந்து, சிதம்பரம் வண்டியில் சன்னலோரமாக உட்கார்ந்து, அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பேனர எறக்காத. இருக்கட்டும்."

"எறக்கிட்டேனேம்மா."

"சும்மா சொல்லாத. காலையில பாத்தேன்."

"மெய்யாலுமே எறக்கிட்டேன். நீ அதப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டியாமே. மாப்ள நேரா இங்க வந்து சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பஸ்ஸ நிறுத்திட்டு நானே ஏறி அவுத்துட்டேன். இரு, படம் அனுப்பறேன்."

படம் வந்தது. மொட்டையாக நிற்கிற சவுக்குக் கட்டைகள். கீழே, சுருட்டிய பேனரைக் குழந்தையைப் போல் தோளில் சாய்த்துக்கொண்டு இளவரசு. கூலிங்கிளாஸ் இல்லை. அந்தக் கண்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

திரும்பக் கூப்பிட்டாள். "அண்ணா, போன தடவ நான் பெயிலாயிட்டேன். உங்கிட்ட சொல்லல."

"மாப்ள அதயும் சொல்லிட்டாரு. அதனால என்னா?"

"இன்னைக்குப் பாஸ் பண்ணிட்டேன். ரெண்டு மொழியிலயும்."

மினிபஸ் என்ஜின் ஓடுகிற சத்தமும், யாரோ "வண்டிய எடுப்பா" என்று கத்துவதும் கேட்டன. அவன் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"அப்போ கட்டிடட்டுமா?" என்றான்.

"கட்டு."

வண்டி நிரம்பிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை, கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் கூப்பிட்டாள்.

"கட்டிட்டியாண்ணா?"

"இல்லம்மா" என்றான் இளவரசு. "இன்னும் கட்டல. இப்பதான் ஏணி கேட்டிருக்கேன். வரல."

பிறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து இப்படியொரு பதிலை அவள் கேட்டதில்லை. தங்கைக்காக ஒரு மனிதன் தன் ஊரின் வழக்கத்தையே விட்டுக்கொடுத்துப் பேசினான் என்றால் அது சின்ன விஷயமா? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"நான் இல்லாம கட்டாதண்ணா. ஏணிய நான் புடிச்சுக்கறேன்."

"எங்க வந்துகிட்டு இருக்க?"

தமிழ்ச்செல்வி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கடலூர் பேருந்து நிலையம். டிரைவர் இன்னும் டீக்கடை வாசலில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தோ, சிதம்பரம் வந்துட்டேண்ணா" என்றாள்.